தண்ணி லாரி இடித்த பாய்மரப் படகு

அந்த இடத்தில் இருந்தவர்கள்: நான், அம்மா, குடங்களோடு வரிசையில் நின்ற ஏழெட்டுப் பெண்கள், தண்ணி லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சேகர் மாமா.

இல்லாதவர்: நைனா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். படகின் பாய்க்குப் புதுக் கயிறு வாங்க அவர் டோல்கேட் வரை போயிருந்தார்.

படகும் இருந்தது. தெருவோரம், இரண்டு பழைய டயர்களின்மேல், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

சேகர் மாமா அம்மாவின் தம்பி. மணலி புதுநகர் பக்கமிருந்து தண்ணி லாரி ஓட்டிக்கொண்டு வருபவர். எண்ணூர் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்துத் தெரு, லாரி வருவதற்காகப் போட்ட தெரு அல்ல. பின்பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும். பின்னால் நின்று வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. படித்த பையன் நிற்கிறானே என்று மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

லாரிக்கு ஒரு பாஷை உண்டு. பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் போகலாம். இது எனக்கும் தெரியும்.

லாரிக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தபோது நான் ஒரு தட்டு தட்டினேன். லாரி நிற்க அரை விநாடி ஆயிற்று. அந்த அரை விநாடியை என்னால் பொறுக்க முடியவில்லை. பதற்றத்தில் இன்னொரு தட்டு தட்டினேன்.

மாமா வந்தார்.

பெரிய முறுக்கு ஒன்றைக் கடித்த மாதிரி சத்தம் கேட்டது. வரிசையில் யாரோ "போச்சி" என்றார்கள். யாரும் வரிசையை விட்டு வரவில்லை.

மாமா இறங்கி வந்து பார்த்தார். படகின் இடது பக்கத்தில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே படுக்கவைத்திருந்த பாய்மரம் இரண்டு துண்டு. பாய் கிழிந்து பம்பரில் தொங்கியது.

"இன்னா மாப்ள, ரெண்டு தட்டு தட்ன?"

"நிறுத்தறதுக்குத்தான் மாமா தட்டினேன்."

"நிறுத்தறதுக்கு எதுக்குடா ரெண்டு?"

"ஒண்ணு தட்டினேன். நீங்க நிக்கல."

"நின்னுகினேதான் இருந்தேன். அப்பால நீ இன்னொண்ணு தட்ன. சரி, பட்சவன், பாத்துதான் சொல்வான்னு வந்தேன்."



தண்ணீர் விநியோகம் தடைபடவில்லை. எல்லாக் குடமும் நிரம்பிய பிறகுதான் மாமா லாரியை எடுத்தார். எடுத்த இடத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். படகைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"நல்ல கயிறு" என்றார். "நைலான்."

பிறகு உள்ளே போய்விட்டார்.

பாடு

எஞ்சின் படகு இருக்கும் காலத்தில் பாய்மரப் படகுக்கு ஏன் இவ்வளவு துக்கம் என்று சிலருக்குத் தோன்றும். அதற்குப் பாடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

ஆற்றில் நல்ல இறால் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் எங்கள் ஊர்ப் பட்டியலில் நாற்பது பேர் உண்டு. ஆளுக்கு ஒரு நாள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வர நாற்பது நாள் ஆகும். வந்த நாளில் ஆற்றின் அந்த இடம் முழுவதும் அந்த வீட்டுக்கு.

சட்டங்கள் மூன்று. சொந்தப் படகாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஒருவர் தன் படகையே பத்துப் பேருக்கு வாடகை விட்டு, பத்துப் பாட்டையும் அவரே பிடித்துக்கொண்டிருந்தாராம். அடுத்தது, படகில் அந்த வீட்டு ஆட்கள் மட்டுமே ஏறலாம். அடுத்தது, எஞ்சின் கூடாது. சத்தத்துக்கு இறால் கலைந்துவிடும். பாய் கட்டித்தான் போக வேண்டும்.

நான் சின்னவனாக இருந்தபோது ஒருவர் எஞ்சினைக் கழற்றாமல் மேலே லுங்கியைப் போர்த்திக்கொண்டு வந்தார். பஞ்சாயத்தில் கேட்டார்கள். "அது ஓடாது, சும்மா அயகுக்குக் கீது" என்றார். அழகுக்கும் கூடாது என்று அன்றைக்குச் சேர்த்தார்கள்.

தொடர்ந்து இரண்டு பாடு தவறினால் பட்டியலில் பெயர் போய்விடும். காத்திருக்கும் ஆட்களில் ஒருவர் உள்ளே வந்துவிடுவார். பிறகு நாம் காத்திருக்க வேண்டும், பல வருடம்.

நைனா ஏற்கெனவே ஒரு பாட்டைத் தவறவிட்டிருந்தார். அது என் பட்டமளிப்பு விழா நடந்த நாள். நான்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன். கல்லூரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீ பாட்டுக்குப் போ நைனா, நான் அம்மாவோடு போய்க்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, மூன்று மணி நேரம் மின்விசிறி இல்லாத வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவரிடம் "இத்தான்" என்றாராம்.

அடுத்த பாட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் நான் லாரியைத் தட்டினேன்.

முதல் பாடு என்னால் போனது. இரண்டாவதும் போனால் அதுவும் என்னால்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் பெரிய பேஜாராக இருந்தது.

கேஸ் இல்லை

புகார் கொடுக்கலாமா என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். லாரி படகை இடித்தால் அது சாலை விபத்தா, கடல் விபத்தா என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது.

"யாரு மேல? எந்தம்பி மேலயா?" என்றார் அம்மா.

"லாரிக்காரங்க மேலம்மா."

"லாரிய ஓட்னது யாரு?"

"மாமா."

"தட்னது யாரு?"

அத்தோடு புகார் முடிந்தது. நஷ்ட ஈடாக மாமா அடுத்த நாள் ஒரு கோழி வாங்கிவந்தார். அதில் பாதியை அவரே சாப்பிட்டார்.

தடைக்காலம்

எங்கள் படகு ஃபைபர். ஃபைபர் படகை ஒட்ட ராயபுரம் பக்கத்தில் மேஸ்திரிகள் உண்டு. ஆனால் அது தடைக்காலம். கடலில் பெரிய படகுகள் போகக்கூடாத அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாப் படகுக்கும் உடம்பு சரியில்லாமல் போகும். துறைமுகத்தில் படகுகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

நைனாவுக்குத் தெரிந்த மேஸ்திரி ஜான்சன் அண்ணன், ஒரு படகின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பேசினார்.

"எட்டுப் படகு முன்னாடி கீதுபா. மூணு வாரம் ஆவும்."

"பாட்டுக்கு இன்னும் பத்து நாளுதான் ஜான்சா."

"அப்ப நீயே ஒட்டு. ரெசின் ஊத்து, மேட்டு போடு, மறுபடி ரெசின் ஊத்து. ஒண்ணும் பெரிய வித்த இல்ல."

நைனா என்னைக் காட்டினார். "இவன் ஒட்டுவான். பட்சிருக்கான்."

"இன்னா படிப்பு?"

"பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்" என்றேன்.

 ஜான்சன் அண்ணன் தலையைப் படகுக்குள் இழுத்துக்கொண்டார். ஃபைபரைத் தேய்க்கும் கிரைண்டரை மட்டும் இரவல் கொடுத்தார்.

பத்துக் கிலோ

யானைக்கவுனிப் பக்கம் ஒரு கடையில் பத்துக் கிலோ ரெசின் என்கிற பிசின், கண்ணாடி இழையாலான மேட், ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் எல்லாம் வாங்கினோம். "இன்னா செய்யப் போறீங்க, சிலையா, தண்ணித் தொட்டியா?" என்று கடைக்காரர் கேட்டார். "படகு" என்றேன். "அப்ப பில்லு வேணாமே" என்றார். அதன் காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரெசின் டின்னின்மேல் ஆங்கிலத்தில் வழிமுறை இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் தெருவிலேயே நான் ஒருவன்தான். சுற்றிலும் கூட்டம் நின்றது. நான் உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னேன். நூறு பங்குக்கு இரண்டு பங்கு ஹார்டனர்.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். பத்துக் கிலோவையும் ஒரேயடியாகக் கலந்தால் கணக்கு ஒரே முறை. பத்துக் கிலோவுக்கு இருநூறு கிராம். மீதமில்லாத, சுத்தமான கணக்கு. பெயிண்ட் பக்கெட்டில் எல்லாவற்றையும் ஊற்றி, ஹார்டனரை அளந்து சேர்த்து, பிரஷ்ஷால் கிண்டினேன்.

நேரம் மதியம். சித்திரை வெயில்.

மேட்டை வெட்டி ஓட்டையின்மேல் வைத்து, பிரஷ்ஷை எடுக்கப் போனேன். பிரஷ் வரவில்லை. இழுத்தேன். பக்கெட்டும் சேர்ந்து வந்தது. பிறகு பக்கெட் சூடாயிற்று. பிறகு புகைந்தது. அம்மா ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். ஊற்றக்கூடாது என்று டின்னில் எழுதியிருப்பதை நான் படித்துக்காட்டினேன்.

மாலைக்குள் ஆறிவிட்டது. பளிங்கு மாதிரி ஒரு கட்டி, நடுவில் நட்டுவைத்த கொடிக்கம்பம் மாதிரி பிரஷ். பழைய இரும்புக் கடைக்காரர் வாங்க மறுத்தார். எடை மட்டும் போட்டுச் சொன்னார். பதினோரு கிலோ. பக்கெட்டோடு சேர்த்து.

நைனா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இத்த ஒடைக்க முடியாது" என்றார். பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை. பக்கெட்டை வாசலில் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா அதன்மேல் உட்கார்ந்து மீன் ஆய ஆரம்பித்தார்.

ஒட்டும் மூன்று நாள்

இரண்டாவது டின் வாங்கினோம். இந்த முறை ஹார்டனரைக் குறைத்தேன். பயத்தில் நிறையவே குறைத்துவிட்டேன். வானமும் மூட்டம் போட்டது.

முதல் நாள் காயவில்லை. இரண்டாம் நாள் காயவில்லை. மூன்றாம் நாள் படகின் இடது பக்கத்தில் ஒட்டியிருந்தவை: ஈ, கொசு, முருங்கைப் பூ, அனல்மின் நிலையத்துச் சாம்பல், ஒரு கோழியின் இறகுகள். கோழியை மீட்டுவிட்டோம்.

பாட்டுக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு ஜான்சன் அண்ணன் கிரைண்டரைத் திரும்ப வாங்க வந்தார். படகைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார். சட்டையில் படாமல் கையைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"இன்னாபா இது, கலீஜா கீது? எவ்ளோ ஹார்டனர் ஊத்தின?"

மில்லி கணக்கில் சொன்னேன்.

"மில்லியா? செக்ரட்டரி சார், ஒரு சொம்பு ரெசினுக்கு தண்ணி பாட்டில் மூடில ஒரு மூடி. வெயில் ஏறினா முக்கா மூடி. சொம்பு சொம்பாத்தான் கலக்கணும். இத்தெல்லாம் சொரண்டிப் போட்டுட்டு மறுபடி ஒட்டு. ரெண்டு அடுக்கு போதும்."

"கிரைண்டர், அண்ணா?"

"சொரண்டிட்டுக் குடு."

நாள் முழுக்கச் சுரண்டினேன். டின்னில் மிச்சமிருந்ததைச் சொம்பு சொம்பாகக் கலந்து, மறுநாள் ஒட்டினேன். காய்ந்தது. நகத்தால் தட்டினால் டொக்கென்றது. என் வாழ்க்கையில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

சந்தோஷத்தில் ஒன்றைத் தவறாகச் செய்தேன். ஜான்சன் அண்ணன் சொன்னது இரண்டு அடுக்கு. இனி இந்த இடத்தில் எதுவுமே உடையக்கூடாது என்று நான் ஐந்து அடுக்கு போட்டேன்.

வாடகைப் பாய்மரம்

பாய்மரத்துக்குச் சவுக்குக் கம்பம் வேண்டும். அவசரத்துக்கு ஒன்றுதான் கிடைத்தது, பந்தல் போடுபவரிடம். விற்கமாட்டார், வாடகைக்குத்தான். நாள் ஒன்றுக்கு இருபது ரூபாய்.

"எதுக்கு, காது குத்தா?"

"படகுக்கு."

"வெள்ளிக்கெயம முகூர்த்தம் கீது. அதுக்குள்ள கொண்டாந்துடு."

கம்பத்தின் உச்சியில் போன கல்யாணத்துச் சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றியிருந்தது. உரித்துப் பார்த்தோம். வரவில்லை.

பாய் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். கிழிந்த பாய் தைக்கிற நிலையில் இல்லை. புதுப் பாய்த் துணிக்குப் பணமும் இல்லை, நாளும் இல்லை. நைனா தலையில் கை வைக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அம்மா பரணிலிருந்து ஒரு சுருட்டலை இறக்கினார். பிரித்துத் தரையில் விரித்தார். என் பட்டமளிப்புக்கு நைனா தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். பத்தடிக்கு எட்டடி. நடுவில் கறுப்பு அங்கியில் நான். சுற்றிலும் வாழ்த்தும் உள்ளங்கள். மேலே 'எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி' என்று பெரிதாக.

"அம்மா, இது வேணாம்."

"காத்து பூறாது. கியியாது. வேற இன்னா வேணும்?"

"ஊரே பாக்கும்மா."

"பாக்கத்தானேடா கட்டினோம்."

முக்கோணமாக வெட்டியதில் வாழ்த்தும் உள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. சேகர் மாமாவின் கூலிங் கிளாஸ் மட்டும் ஓரத்தில் தங்கியது. நானும், என் பெயரும், 'முதல் பட்டதாரி'யும் முழுசாக இருந்தோம். நைனா வாங்கிவந்த புதுக் கயிற்றை ஓரத்தில் வைத்து அம்மா இரண்டு நாள் தைத்தார். கோணி ஊசி என் முகத்துக்குள் எங்கேயும் போகாமல் பார்த்துக்கொண்டார்.

கரையில்

பாட்டு நாள் காலையில் ஆற்றங்கரையில் பஞ்சாயத்தார் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசுபவர் ஏழுமலை பெரியப்பா. பாய் கட்டிப் போய், நடு ஆற்றில் நட்டிருக்கும் கம்பில் படகைக் கட்டினால் பாடு எடுத்ததாகக் கணக்கு. காத்திருப்போரில் முதல் ஆளும் அங்கே நின்றிருந்தார். அவர் நல்லவர். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் அவதிப்பட்டார்.

படகைத் தண்ணீரில் தள்ளினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஐந்து அடுக்கு.

ஆனால் படகு இடது பக்கம் சாய்ந்தது. அதுவும் ஐந்து அடுக்குதான். பாயை ஏற்றினால் கவிழ்ந்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது.

"வலது பக்கம் யாராச்சும் குந்துங்க" என்றார் நைனா. நான் உட்கார்ந்தேன். போதவில்லை. கரையில் நின்ற சேகர் மாமா, அன்றைக்கு லாரிக்கு லீவு போட்டிருந்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். படகு நேரானது. அவர் உடம்புக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது.

"சேகரு, எறங்கு" என்றார் ஏழுமலை பெரியப்பா.

"ஏன் பெரியப்பா?"

"நீ அந்த வூட்டு ஆளு இல்ல. மச்சான்."

"பத்து நிமிசம்தான் பெரியப்பா."

"சட்டம் சட்டம்தான். எறங்கு."

மாமா இறங்கினார். படகு சாய்ந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏய், அந்த பக்கெட்ட எட்த்தாடி!"

அம்மாவுக்கு உடனே புரிந்தது. எனக்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. அம்மா வீட்டுக்கு ஓடி, பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பிவிட்டு, மீன் செதிலோடு அந்தப் பக்கெட்டை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்தார். வலது ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டினோம். நான் அதற்கு வெளியே, விளிம்பில், பின்பக்கம் தண்ணீரைத் தொடும்படி உட்கார்ந்தேன். படகு நேரானது.

"அது இன்னாது?" என்றார் பெரியப்பா.

"பக்கெட்டு" என்றார் நைனா. "எங்க வூட்துதான்."

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். வீட்டுப் பக்கெட்டைத் தடுக்கச் சட்டம் இல்லை.

நைனா பாயை ஏற்றினார். உச்சியில் ஜிகினாத் தாள் பறந்தது. காற்று பிடித்ததும் என் முகம் உப்பியது. நான் விளிம்பில் இருந்து என்னை அண்ணாந்து பார்த்தேன். கரையில் ஒரே விசில். "செக்ரட்டரி போறாரு, வழி வுடுங்கோ" என்று யாரோ கத்தினார்கள். நைனா திரும்பவில்லை. கம்பை நோக்கியே ஓட்டிப்போய், கயிற்றை வீசி, ஒரே சுற்றில் கட்டினார்.

திரும்பி வந்தபோது பெரியப்பா நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"இப்பல்லாம் புள்ளைங்க பேரையும் சேத்துக்கறாங்க. உம்பையன் பேரையும் எழுதிடட்டா? பின்னால ஒதவும்."

"எம்பேர மட்டும் எழுது" என்றார் நைனா. "அவன் பேரு பாயில கீது. அது போதும்."

பெரியப்பா எழுதினார். நைனாவுக்கு எழுத்து தெரியாது. அவர் பெயர் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும். குனிந்து பார்த்துக்கொண்டார்.

கணக்கு

அன்றைய இறால் ஒன்றரைக் கிலோ. விற்கவில்லை. குழம்பு வைத்தோம். சேகர் மாமாவும் வந்தார். சாப்பாட்டில் அவரை யாரும் மச்சான் என்று தள்ளவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவியதும் நைனா என்னைக் கூப்பிட்டார். "நீதான கணக்குக்குப் பட்ச்ச. எவ்ளோ ஆச்சின்னு எழுது." ரெசின் இரண்டு டின், மேட், பிரஷ், ஆட்டோ, கயிறு, கம்பத்துக்கு நான்கு நாள் வாடகை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழாயிரத்து எண்ணூற்று எண்பது வந்தது. கோடு போட்டேன்.

"ஃப்ளெக்ஸ் இன்னா ஆச்சி?"

"எண்ணூற்றி அம்பது. ஆனா அது படகுச் செலவு இல்ல நைனா. என் படிப்புச் செலவு."

"பாயி கட்னோமா, இல்லியா?"

"கட்னோம்."

"அப்ப எழுது."

போட்ட கோட்டை அடித்துவிட்டு எழுதினேன். மொத்தம் எட்டாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.